டம்ளரில் அடித்த மணி

"அவர் உங்ககிட்டயாவது ஏதாவது சொன்னாரா அண்ணா?"

என் நண்பன் கம்பத்தின் மனைவி என்னிடம் இதைக் கேட்டபோது அவன் இறந்துபோய் இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. அவள் கையில் நான்காக மடித்த ஒரு ஸ்கேன் ரிப்போர்ட். அவனுடன் வேலை பார்த்தவர் அன்று காலையில்தான் அவனுடைய கருவிப் பையைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். ஸ்பேனர்களுக்கு அடியில், லிஃப்ட் சர்வீஸ் புத்தகத்தின் அட்டைக்குள் அது இருந்திருக்கிறது. தேதியைப் பார்த்தேன். அவன் வேலை செய்த இடத்தில் மயங்கி விழுவதற்கு ஏறக்குறைய நான்கு மாதம் முன்பு.

"நாலு மாசம் தெரிஞ்சே இருந்திருக்கார். எங்கிட்ட ஒரு வார்த்தை இல்ல. நீங்க வாராவாரம் பேசுவீங்களே, அதான் கேக்கறேன்."

"இல்லம்மா," என்றேன். "எங்ககிட்டயும் சொல்லல."

அது பொய்.

பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு வரை ஒன்றாகப் படித்தவர்கள் நாங்கள் நான்கு பேர். கம்பம் லிஃப்ட் மெக்கானிக். ஒன்பதாம் வகுப்பிலேயே ஆசிரியரைவிட அரையடி உயரம், அதனால் அந்தப் பெயர். கோந்து கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். வகுப்பு மானிட்டராக இருந்தவள் டயாலிசிஸ் பிரிவில் தலைமை நர்ஸ், எங்களுக்கு இன்றும் மானிட்டர்தான். நான் பாடப் புத்தகங்கள் அச்சடிக்கும் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். சட்டைப் பையில் எப்போதும் பேனா கசிந்துகொண்டிருந்ததால் எனக்கு இங்க்கு என்று பெயர். ஆளுக்கொரு ஊர். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு நாலு பேரும் போனில் ஒன்றாகச் சேருவோம். பதினோரு வருடப் பழக்கம்.

மூன்று வருடத்துக்கு முன் என் மனைவி இறந்தாள். அதற்குப் பிறகு அந்த ஒரு மணி நேரம் முழுக்க என் புலம்பலாகவே போனது. எந்த டாக்டர் என்ன சொன்னார், எந்த ஊசி போடாமல் விட்டார்கள், நான் எப்போது அழைத்துப்போயிருக்க வேண்டும். மற்ற மூவரும் ஐந்து மாதம் பொறுமையாகக் கேட்டார்கள். அவர்களும் தங்கள் பங்குக்கு ரத்த அழுத்தம், முட்டி வலி என்று ஆரம்பித்தார்கள். ஒரு நாள் கம்பம் சொன்னான்.

"டேய், இது நாலு பேர் பேசற போனா, நாலாம் நம்பர் வார்டா? மானிட்டர் பாவம்டா. ஆறு நாள் டியூட்டி பாத்துட்டு ஏழாவது நாளும் நம்மகிட்ட டியூட்டி பாக்கறா."

"ஓவர்டைம் கூடக் கிடையாது," என்றாள் மானிட்டர்.

சட்டம் அன்றைக்குத்தான் வந்தது. ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். யார் வியாதி பேச ஆரம்பித்தாலும் மற்றவர்கள் பள்ளி மணி போல டணடணவென்று அடிக்க வேண்டும். அகப்பட்டவருக்கு இம்போசிஷன். இதுவரை யாருக்கும் சொல்லாத, தான் அசடு வழிந்த பள்ளிக்கூடக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் மாதம் முழுக்க எனக்கே மணி அடித்தார்கள். நான்கு ஞாயிறில் நான்கு கதை சொன்னேன். ஐந்தாவது ஞாயிறு என்னை அறியாமல் சிரித்தேன். சிரித்த பிறகு போன் முனையில் மூன்று பேரும் சத்தமில்லாமல் இருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. சட்டம் எனக்காகப் போடப்பட்டது என்று அப்போதுதான் புரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல வேண்டும். ரிப்போர்ட் தேதிக்குப் பதினோராவது நாள் அது. இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரிகிறது. கோந்து கடையில் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஒருத்தர் கண்ணாடி காணோம்னு வந்தாருடா. நெத்தியில ஏத்தி வெச்சிருக்காரு. நான் ஒண்ணும் சொல்லல. புதுசு ஒண்ணு போட்டுக் குடுத்துட்டேன்."

"அடப்பாவி," என்றாள் மானிட்டர்.

"என்ன பாவி? நெத்தியில ஒண்ணு, மூக்குல ஒண்ணு. தூரத்துக்கு ஒண்ணு, கிட்டத்துக்கு ஒண்ணு. சந்தோஷமாப் போனாரு."

"உனக்கு நரகத்துல தனி ஷோரூம் இருக்குடா," என்றேன்.

எல்லோரும் சிரித்தோம். கம்பமும் சிரித்தான். சிரிப்பு அடங்கியபோது அவன், "போன வாரம் ஒரு டாக்டரைப் பாத்தேன்டா. அவரு என்ன சொல்றாருன்னா," என்றான்.

முதலில் டம்ளரைத் தட்டியவன் நான்.

விளையாட்டுக்காகத் தட்டினேன் என்று எழுதிவிட்டால் எனக்குச் சுலபம். அவன் குரல் எப்போதும் போல இல்லை என்பது என் காதில் விழுந்தது. முப்பது வருடமாக எழுத்தில் பிழை பார்க்கிறவன் நான், குரலிலும் ஒன்று தவறியிருந்தால் எனக்குத் தெரியும். டாக்டர் என்ற சொல்லும் அந்தக் குரலும் சேர்ந்து வந்ததும், என் மனைவியின் படுக்கைக்குப் பக்கத்தில் நின்ற நாட்கள் திரும்பி வந்துவிடும் என்று பயந்தேன். கரண்டி என் கையில் இருந்தது. தட்டினேன். பிறகு கோந்து தட்டினான், மானிட்டரும் தட்டினாள். மூன்று டம்ளரும் சேர்ந்து காது கிழிந்தது.

"சரிடா, சரிடா, விடுங்கடா," என்றான் கம்பம். "இம்போசிஷன் எழுதறேன்."

ஆண்டு விழா நாடகக் கதையைச் சொன்னான். அட்டையில் செய்த நிலாவைத் திரைக்குப் பின்னால் தூக்கிப் பிடிக்கும் வேலை அவனுக்கு. உயரமானவன் என்பதால் நடிக்கவிடாமல் நிலாவைக் கொடுத்திருந்தார்கள். ராஜா கோந்து, ராணி மானிட்டர். இரண்டாவது காட்சியில் கம்பத்துக்குத் தும்மல் வந்து, நிலா ராஜாவின் தலையில் விழுந்தது.

"ராஜா மூணாவது சீன்லதான் சாகணும். இவன் அங்கேயே படுத்துட்டான்டா!"

"வேற என்னடா பண்றது? நிலா விழுந்தா என்ன வசனம்னு யாரும் சொல்லிக் குடுக்கல," என்றான் கோந்து.

"நான் அழுதேன்," என்றாள் மானிட்டர். "எல்லாரும் கை தட்டினாங்க. சிரிப்பை அடக்க முடியாம முகத்தை மூடிக்கிட்டது யாருக்குத் தெரியும்?"

"அதுல யாருக்கும் தெரியாதது என்னன்னா," என்றான் கம்பம், "அது தும்மல் இல்ல. கை வலிச்சுது. நானே விட்டுட்டேன்."

நாங்கள் சிரித்த சிரிப்பில் எனக்கு வயிறு வலித்தது. கம்பமும் இரும இரும சிரித்தான். அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் அவன் டாக்டர் பேச்சை எடுக்கவே இல்லை. நாங்களும் கேட்கவில்லை. உடம்பு இளைத்திருப்பதாகக் கோந்து ஒரு புகைப்படத்தைப் பார்த்துச் சொன்னபோது, "லிஃப்ட்ல இன்னும் ஒரு ஆள் ஏறலாம்ல," என்றான். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை ஏழு மாடிக் கட்டிடத்தின் மேல்தளத்தில், லிஃப்ட் மோட்டார் அறையில் விழுந்தான். ஆஸ்பத்திரியில் பதினாறு நாள். அங்கே அவன் பேசும் நிலையில் இல்லை.

அவன் மனைவியிடம் பொய் சொல்லிவிட்டு வந்த வாரம் நாங்கள் மூன்று பேரும் போனில் சேர்ந்தோம். ரிப்போர்ட் விஷயத்தைச் சொன்னேன். தேதியைச் சொன்னேன். நிலாக் கதை சொன்ன ஞாயிறு எது என்று மானிட்டரே கண்டுபிடித்துவிட்டாள், அதற்கு மறுநாள் தனக்கு டியூட்டி மாறியது அவளுக்கு நினைவிருந்தது.

"அப்பவே எங்கிட்ட சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"சொல்லியிருந்தா?" என்றான் கோந்து.

"ஒரு வருஷம் கிடைச்சிருக்கலாம். கிடைக்காமலும் போயிருக்கலாம். எங்கிட்டக் கேக்காதே. எங்கிட்ட மட்டும் கேக்காதே."

"அந்தம்மாகிட்ட இதைச் சொல்ல வேண்டாம்டா," என்றான் கோந்து. "சொல்லி என்ன ஆகப் போகுது? அவன் எழுந்து வரப் போறானா? நம்ம மேல இருக்கிற மரியாதையும் போகும், அவ்வளவுதான்."

அவன் சொன்னதுதான் எனக்கும் வசதியாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து அவள் எனக்குப் போன் செய்தாள். தையல் மெஷின் ஓடும் சத்தம் நின்றது, பிறகு அவள் குரல்.

"பொண்ணு எங்கிட்ட பேசறதில்ல அண்ணா. ஒன்பது நாளாச்சு."

"ஏம்மா?"

"ரிப்போர்ட்டைப் பத்திச் சொன்னேன். அன்னைலேந்து. 'கூட இருந்த மனுஷன் பதினாலு கிலோ இளைச்சிருக்கார், உனக்குக் கண்ணு தெரியலையா'ன்னு கேக்கறா. 'உங்கிட்ட வாயைத் திறக்கவே பயந்திருக்கார், அப்படி வெச்சிருந்திருக்கே'ன்னு சொல்லிட்டா." மெஷின் ஒரு தையல் ஓடி நின்றது. "யார்கிட்டயுமே சொல்லலையே அண்ணா. சிநேகிதங்ககிட்டக்கூடச் சொல்லல. அப்ப அவ சொல்றது சரியோன்னு தோணுது. நான் அவ்வளவு மோசமா இருந்தேனா?"

"ஞாயித்துக்கிழமை வரேம்மா," என்றேன்.

அவர்கள் இருப்பது மூன்றாவது மாடி. ஊரில் பாதி லிஃப்டுகளுக்குச் சர்வீஸ் செய்தவன் வீட்டுக் கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. அதைச் சொல்லி நாங்கள் அவனை ஓட்டாத மாதமே இல்லை. படியேறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றேன். மூச்சு வாங்கியதால் மட்டுமல்ல.

முன்னறையில் தைத்து முடித்த பள்ளிச் சீருடைகள் அடுக்கியிருந்தன. அவள் எனக்கு நாற்காலியைக் காலி செய்து கொடுத்துவிட்டு மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொண்டுவந்தாள். நான் குடிக்கவில்லை.

"அன்னைக்கு நான் உங்கிட்ட பொய் சொல்லிட்டேம்மா."

அவள் கையில் இருந்த துணியை மடியில் வைத்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். சட்டம் ஏன் வந்தது என்பது, டம்ளர், இம்போசிஷன். டாக்டரைப் பார்த்தேன் என்று அவன் தொடங்கியது. நான்தான் முதலில் தட்டினேன் என்பதை இரண்டு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லும்போது, "அதான் சொல்லிட்டீங்களே," என்றாள்.

"எந்த ஞாயிறு?"

தேதி சொன்னேன்.

"நிலாக் கதை சொன்னாரா அன்னைக்கு?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இங்கதான் உக்காந்திருந்தேன். அவரு உள்ள. அந்த வாரம் பூரா அவரு முகமே சரியா இல்ல. சாப்பாட்டை அளைஞ்சுட்டு எழுந்து போயிடுவாரு. என்ன ஏதுன்னு இன்னைக்குக் கேட்டே ஆகணும்னு வெச்சிருந்தேன். அப்ப உள்ளேருந்து சிரிப்புச் சத்தம். மெஷினை நிறுத்திட்டுக் கேட்டேன். அப்படி ஒரு சிரிப்பு. சரி, ஒண்ணும் இல்ல, வேலையில ஏதோ தொந்தரவு, சரியாயிடுச்சுன்னு நினைச்சேன்." அவள் ஸ்டூலிலிருந்து எழுந்தாள். "கேக்காம விட்டுட்டேன்."

எங்கள் சிரிப்பு அடுத்த அறை வரைக்கும் போய் அவளையும் தடுத்திருக்கிறது என்பதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"கோபம் இல்லன்னு சொல்ல மாட்டேன்," என்றாள். "இருக்கு. நிறைய இருக்கு. உங்க மேலயும், அவரு மேலயும். மணி அடிச்சா என்ன, 'டேய் நிறுத்துங்கடா'ன்னு ஒரு அதட்டல் போடத் தெரியாதா அந்த மனுஷனுக்கு? நிலாவாம், தும்மலாம்."

"எனக்காகத்தான்மா நிறுத்திக்கிட்டான்."

"இருக்கட்டும். அதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

அவள் உள்ளே போய்ப் போனை எடுத்துவந்தாள்.

"அவருக்கு வாயைத் திறக்கத் தெரிஞ்சுது. திறந்தாரு. அதை என் பொண்ணு கேக்கணும். நான் சொன்னா, தப்பிச்சுக்கப் பாக்கறேன்னு சொல்லுவா. நீங்க சொல்லுங்க."

"இப்பவா?"

"இப்பதான்."

மகளின் எண்ணை அழுத்தி என் கையில் கொடுத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்காமல் இருந்தால் நல்லது என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன், அதையும் மறைக்க விரும்பவில்லை. அந்தப் பெண்ணை எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். என் மனைவி இறந்தபோது மூன்று நாள் எங்கள் வீட்டிலேயே இருந்து என்னைச் சாப்பிட வைத்தவள்.

"என்னம்மா?" என்றாள் எடுத்தவுடன். குரலில் வெறுப்பு இருந்தது.

"நான் மாமா பேசறேன்மா. இங்க்கு மாமா."

"மாமாவா? அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"அம்மா நல்லா இருக்காங்க. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். உங்கப்பாவைப் பத்தி. என்னைப் பத்தி."

சொன்னேன். அவள் அம்மாவிடம் சொன்ன வரிசையிலேயே சொல்ல முயன்றேன், வரிசை குழம்பியது. டம்ளரை முதலில் சொல்லிவிட்டு, அது எதற்கு என்று விளக்கத் திரும்ப வேண்டியிருந்தது. "நாடகமா? எந்த நாடகம்?" என்று ஒரு இடத்தில் கேட்டாள். கடைசியில் அவள் அம்மா மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டதையும் சொன்னேன்.

அந்தப் பக்கம் யாரோ கதவைச் சாத்தினார்கள்.

"அவரு வேற எதுவும் சொல்லலையா?" என்றாள். "டாக்டரு என்ன சொன்னாருன்னு?"

"நாங்க சொல்ல விடலம்மா."

"அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்காங்க."

"குடுங்க."

போனைக் கொடுத்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, இரண்டாவது மாடித் திருப்பத்தில் படியில் உட்கார்ந்தேன். மேலே கதவு திறந்தே இருந்தது. அவள் ம், ம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை, "சாப்பிட்டியாடி?" என்று கேட்டாள். பிறகு மறுபடியும் ம்.

மகள் அவளிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு மாதம் ஆகிறது. கோந்துவும் மானிட்டரும் ஞாயிறுகளில் கூப்பிடுகிறார்கள். எடுக்கிறேன். நேற்று கோந்து கண் அறுவை சிகிச்சை ஒன்று செய்துகொள்ள வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, சற்று நிறுத்தினான். நாங்கள் இருவரும், "சொல்லு," என்றோம். அரை மணி நேரம் சொன்னான். சலிப்பாகத்தான் இருந்தது. கேட்டுக்கொண்டிருந்தோம்.