பரிமளா பார்த்து எடுத்த மாடிப்படி

திண்டிவனத்தில் பழைய வீட்டு மரச்சாமான் விற்கும் கிடங்கு அது. சுவரில் சாய்த்து வைத்திருந்த தேக்கு மாடிப்படியைப் பார்த்ததும், குடித்தவனால் இதில் ஏற முடியுமா என்று கேட்கத்தான் பரிமளாவுக்கு ஆசை. ஆனால் கேட்டது, "இது ரொம்பச் செங்குத்தா இருக்குமாண்ணே?"

அதற்கே அறை விழுந்தது. "நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் நின்னுக்கினு இருக்கேன், அவங்கிட்ட இன்னாடி பேச்சு?" என்றான் அவள் புருசன் சின்னதுரை. கடைக்காரர் சீனுவாசன் அவசர அவசரமாக ஒரு ஜன்னல் சட்டத்தைத் துடைக்க ஆரம்பித்தார். பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பது நம் ஆட்களுக்குக் கைவந்த கலை.

விக்கிரவாண்டிப் பக்கத்துக் கிராமத்தில், மல்லாட்டை, கரும்பு வெள்ளாமையில் வந்த காசைப் போட்டு அவன் மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தான். கிரானைட் படியும் ஸ்டீல் கைப்பிடியும் வைக்க வேண்டும் என்பது அவன் எண்ணம். இந்தத் தேக்குப் படியோ ஒடுக்கம். உச்சியில் படுக்கைவாக்கில் மூடும் ஒரு பலகைக் கதவு. மேலே போய்த் தாழ் போட்டுக்கொண்டால் கீழிருந்து எவனாலும் திறக்க முடியாது. அந்தக் காலத்தில் நெல்லைத் திருடனிடமிருந்து காப்பாற்ற வைத்தது என்றார் சீனுவாசன். பரிமளா காப்பாற்ற வேண்டியது தன் மகள் ஆர்த்தியை. காலேஜ் போகும் பெண்ணின் முதுகிலும் அவன் பெல்ட் விழ ஆரம்பித்திருந்தது.

கன்னம் எரிய எரியச் சிரித்தாள். "நம்ம ஊர்ல எவன் வீட்லங்க தேக்குல படி இருக்குது? பாக்கறவனுங்க வயிறெரிஞ்சி சாவானுங்க." அவ்வளவுதான், மனிதர் கவிழ்ந்தார். "ஜல்தியா வண்டில ஏத்துய்யா" என்றார்.

குடிபுகுந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு நாள் மதியம் ஒயின்ஷாப்பிலிருந்து வந்தவன், ஆர்த்தி போனில் சிரித்துப் பேசுவதைப் பார்த்தான். யாரிடம் பேசுகிறாள் என்றுகூடக் கேட்கவில்லை. போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தான். பெண்ணின் கழுத்தை இரண்டு கையாலும் நெரித்தான். பரிமளா ஓடிவந்து அவன் மணிக்கட்டைக் கடித்தாள். வாயெல்லாம் ரத்தம் கரித்தது. பிடி தளர்ந்ததும் மகளைப் படிப் பக்கம் தள்ளினாள். "ஏறுடி!"

பின்னால் ஏறியவளின் காலை அவன் பிடித்துக்கொண்டான். இன்னொரு காலால் அவன் முகத்தில் விட்டாள் ஒரு உதை. மூக்கு உடைந்த சத்தம் நன்றாகவே கேட்டது. கல்யாணமாகிப் பத்தொன்பது வருசத்தில் அவள் கொடுத்த முதல் அடி அது, கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டாள். மேலே போய்ப் பலகையை இறக்கித் தாழ் போட்டாள்.

சின்னதுரை ஏறப் பார்த்தான், வழுக்கி விழுந்தான். எழுந்துபோய் மாட்டுக் கொட்டகையிலிருந்து கோடாலியை எடுத்து வந்தான். "ரெண்டு பேரையும் வெட்டிப் போட்டுட்டுத்தாண்டி மறுவேலை!" கீழ்ப்படி பிளந்தது.

"கொல்றாரே, யாராவது வாங்களேன்!" என்று பரிமளா மாடி ஜன்னலில் கத்தினாள். தெருவில் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டது. வழக்கம்தான். புருசன் பெண்டாட்டி சண்டை, நமக்கெதுக்குப் பேஜாரு.

எதிர்வீட்டு அப்பாதுரை சின்னதுரைக்குப் பெரியப்பா மகன். மரம் பிளக்கும் சத்தம் கேட்டதும், கதவைச் சாத்தப் போனவர் எட்டிப் பார்த்தார். அடுத்த நொடி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார், பின்னாலேயே மற்ற பங்காளிகளும். பால் காய்ச்சிக் குடிபுகுந்த வீட்டு மரத்தில் கோடாலி விழுந்தால் பங்காளி வீட்டில் சாவு விழும் என்று அந்தத் தெருவுக்கு ஒரு பயம்.

"வீட்டு மரத்துல கோடாலி வெக்கறியே, எங்க புள்ளங்கள சாவடிக்கவாடா?" பிடுங்கி எறிந்து, அவனைத் தள்ளி மிதித்து, மாட்டுக் கயிற்றால் தூணோடு சேர்த்துக் கட்டினார்கள்.

அப்பாதுரை வெட்டுப்பட்ட மரத்தைத் தடவிப் பார்த்தார். "நல்லவேளை, கீழ்ப்படிங்கதான் போச்சி. போதை தெளிஞ்சா சரியாயிடுவான். சாயந்தரம் அவுத்து உட்டுடலாம்."

மேலே இரண்டு உயிர் இருப்பது ஒருத்தருக்கும் நினைவில்லை. அவிழ்த்துவிட்டால் இன்றைக்கே பிணம் விழும் என்பது பரிமளாவுக்குத் தெரியும். பலகையைத் தூக்கிவிட்டு, மிச்சமிருந்த படிகளில் இறங்கி, உடைந்த இடத்திலிருந்து குதித்தாள். யாரும் தடுப்பதற்குள் கோடாலியை எடுத்து, முழுசாக இருந்த படியில் ஒரே போடு போட்டாள். தங்கள் கழுத்திலேயே விழுந்ததுபோல் ஆண்கள் அலறினார்கள்.

"இத்தினி வருசமா என் மேல விழுந்த அடி உங்க காதுல விழலியே மாமா, இது விழுதா?" இன்னொரு போடு. "போலீசுக்குப் போன் போடுங்க. அவங்க வர்ற வரைக்கும் நீங்களே இவரக் காவல் காக்கணும். அவுத்தீங்க, நிலை, கதவு, உத்தரம் எதையும் உட மாட்டேன், வெட்டிச் சாய்ச்சிடுவேன்."

"போடறம்மா, தோ போட்டுக்கினே இருக்கேன். கோடாலியக் கீழ வை, தாயி" என்று அப்பாதுரை போனை எடுத்து நம்பரை அமுக்கினார்.

"மொதல்ல ஜீப்பு வரட்டும்" என்று பரிமளா கோடாலியை ஓங்கியபடியே நின்றாள்.