தம்பி வராத நாள்

கார் ஓட்டக் கற்றுத்தருவது அவள் வேலை. தெருவில் எல்லோருக்கும் அவள் ‘டிரைவிங் அக்கா’. கிளட்ச்சை விட்டால் உயிரே போய்விடும் என்று நடுங்குகிறவர்களைக்கூட அதட்டி, சிரிக்கவைத்து, லைசென்ஸ் வாங்க வைத்துவிடுவாள். அவளுக்குத்தான் இரண்டு கிட்னியும் பழுதாகிப் போயின. ஏன் என்று கேட்டதற்கு டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். சர்க்கரையும் இல்லை, ரத்தக் கொதிப்பும் இல்லை. “சில பேருக்குக் காரணமே தெரியறதில்லம்மா.”

ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். வீடு திரும்பினால் படுக்கைதான். அப்போது தம்பிதான் சொன்னான், “எனக்கு ரெண்டு இருக்கேக்கா. ஒண்ணக் குடுத்தா நான் என்ன குறைஞ்சா போயிடுவேன்?” பரிசோதனைகள் எல்லாம் பொருந்திவந்தன. கடவுளுக்கு நன்றி சொல்லி மாளவில்லை அவளுக்கு.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் காலையில் இருவரும் ஆஸ்பத்திரியில் சேரவேண்டும். அவள் சேர்ந்துவிட்டாள். பக்கத்துக் கட்டில் தம்பிக்கு; விரிப்பு கசங்காமல் கிடந்தது. மதியமாயிற்று. அவன் போன் அணைந்திருந்தது. அவன் மனைவியைக் கூப்பிட்டால் அழுதாள். “உங்ககிட்ட வரேன்னுதானே அண்ணி கிளம்பினாரு...”

சாயங்காலம் அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது: ‘என்னால முடியல.’

“ஆண்டவனுக்குத் தெரியும்டி, எதுக்கு இப்படின்னு” என்றாள் அம்மா, முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி.

“தெரியுமில்ல? முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமே! நான் தலைக்குக் குளிச்சிட்டு வந்து உக்காந்திருக்க மாட்டேன்ல.”

அன்றோடு கும்பிடுவதை விட்டாள். தம்பி மட்டுமல்ல, மேலே இருப்பவரும் கழுத்தறுத்துவிட்டதாகவே தோன்றியது. சொந்தக்காரர்கள் வீட்டுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். பெண்டாட்டி தடுத்தாள் என்றார்கள், மாமனார் மிரட்டினார் என்றார்கள்.

சில மாதம் கழித்து அவனே வந்து வாசலில் நின்றான். ஆள் பாதியாகியிருந்தான். கேட்பதற்கென்று அவள் சேர்த்து வைத்திருந்ததில் இதுதான் முதலில் வந்தது.

“யாருடா தடுத்தது? உன் பொண்டாட்டியா?”

“இல்லக்கா. பையை எடுத்து வச்சதே அவதான்.”

“பயமா?”

“பயம்தான். ஆனா அது மொதல்லேர்ந்தே இருந்துச்சு. ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் வந்தேன்க்கா. உள்ள போகல. ஏன்னு எனக்கே புரியல. ஏதாவது பொய் சொல்லலாம்னுதான் வந்தேன், வாய் வரல.”

பொய்யாவது சொல்லியிருக்கலாம் என்று நினைத்தாள். அதைப் பிடித்துக்கொண்டு அவனை வெறுத்துத் தீர்த்திருப்பாள்.

“போயிடுடா. இப்ப போயிடு.”

கதவைச் சாத்திவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு, சண்டை போட்டுப் பேசாமலிருந்த ஆளிடம் பேசுவதுபோல, வெகுநாளைக்கப்புறம் கடவுளிடம் பேசினாள்.

“என் உடம்பு ஏன் இப்படி ஆச்சுன்னு டாக்டருக்குத் தெரியல. ஏன் ஓடினோம்னு அவனுக்கே தெரியல. எனக்கு ரெண்டும் தெரியல. உனக்குத் தெரியும்னு நம்பறேன். எங்கிட்ட சொல்லலேன்னு ஆத்திரம் ஆத்திரமா வருது. அந்த ஆத்திரத்தோடதான் நம்பறேன், பாத்துக்கோ.”

பதில் ஒன்றும் வரவில்லை. மனசும் லேசாகிவிடவில்லை. ஆனால், ஏன் ஏன் என்று தன்னையே குடைந்துகொண்டிருந்தது மட்டும் மெல்ல ஓய்ந்தது.

தம்பி மறுபடியும் வந்தான். சாப்பிட்டாயா என்று கேட்க அவளுக்கு இன்னும் வாய் வரவில்லை, உட்காரச் சொன்னாள். முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் கிட்னிக்காக வரிசையில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறாள்.