எட்டாவது குறை

கணக்கு வாத்தியார் ஓவர்பெக் நல்ல மனிதர். நல்ல மனிதரிடம் மாட்டிக்கொண்டால் தப்பிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது மாரிட் ஹோல்ஷருக்குப் புதன்கிழமை காலை பத்தேகாலுக்குத் தெரிந்தது.

ஈஸ்டர் விடுமுறைக்கு இரண்டு நாள்தான் பாக்கி. பள்ளியின் கடைசி வகுப்புக்காரர்களுக்குக் கடைசி அரையாண்டுப் புள்ளிகள் வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் கணினியில் ஏறியாக வேண்டும். படியேறிக்கொண்டிருந்தவளை ஓவர்பெக் வழிமறித்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“மாரிட், உன்கிட்ட சொல்லணும்னே இருந்தேன். உனக்கு மூணு புள்ளிதான் வந்துச்சு. நான் பார்த்து நாலாக்கிட்டேன். கரையேத்தியாச்சு, போ! நிம்மதியா ஈஸ்டர் முட்டைக்குச் சாயம் அடி.”

“ரொம்ப நன்றி சார்” என்றாள் மாரிட்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. நாலு போதாது. அவளுக்கு வேண்டியது ஐந்து. ஆனால் மனிதர் இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கிப் போய்விட்டார். தானம் கொடுத்த சந்தோஷம் அவர் முதுகிலேயே தெரிந்தது.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. இருபத்திரண்டு வருடம் நடுநிலைப் பள்ளியில் குப்பை கொட்டியவர். அங்கே மதிப்பெண் ஒன்றிலிருந்து ஆறு வரை. ஒன்று உச்சம், நாலு தேர்ச்சி. நாலுக்குப் பக்கத்தில் ஒரு கழித்தல் குறி போட்டால்கூடப் பிள்ளை பிழைத்துக்கொள்ளும். மேல்வகுப்பில் அதையே பதினைந்து புள்ளியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், இங்கே பதினைந்துதான் உச்சம். அந்தக் கழித்தல் குறி போட்ட நாலுக்கு இங்கே நாலு புள்ளி. ஆனால் இங்கே ஐந்துக்குக் கீழே எது வந்தாலும் அதன் பெயர் குறை. ஓவர்பெக்குக்கு விதி தெரியாமல் இல்லை. மேல்வகுப்பில் அவருக்கு இது முதல் வருடம். கை பழைய பழக்கத்தில் போய்விட்டது.

கடைசி இரண்டு வருடத்தில் ஏழு குறை வரைக்கும் இந்த மாநிலம் பொறுத்துக்கொள்ளும். எட்டாவது வந்தால் இறுதித் தேர்வு எழுத அனுமதி கிடையாது. மாரிட்டிடம் ஏழும் பத்திரமாக இருந்தன.

அவள் நேராக மேல்வகுப்பு ஒருங்கிணைப்பாளர் டெர்ஹோர்ஸ்ட் அம்மையாரின் அறைக்குப் போனாள். ஊரில் யார் வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை குறை என்பது அந்த அம்மாளுக்குக் கணினியைத் திறக்காமலே தெரியும். ஆனாலும் திறந்தார்.

“எட்டு” என்றார். “ஒரு வருஷம் திரும்பப் படின்னு சொல்லலாம். ஆனா நீ ஏற்கெனவே ஒரு வருஷம் திரும்பப் படிச்சவ. மேல்வகுப்புல மொத்தமே நாலு வருஷம்தான் இருக்கலாம். இது உனக்கு நாலாவது.”

“அப்படின்னா?”

“பாதிச் சான்றிதழோட வெளிய போகணும்மா. ஏதாவது ஒரு தொழில் கத்துக்கிட்டா அப்புறம் தொழிற்கல்லூரிக்குப் போகலாம். பல்கலைக்கழகம் கிடையாது.”

பல்கலைக்கழகம் இல்லையென்றால் ஆரம்பப் பள்ளி ஆசிரியை இல்லை. மாரிட்டுக்கு வேறு எதுவும் ஆக ஆசையில்லை. பதினாறு வயதில் வேலைப் பயிற்சிக்காக மூன்று வாரம் ஓர் ஆரம்பப் பள்ளியின் இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்தாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்.

“மேடம், ஆட்சேபணை எழுதிக் கொடுத்தா?”

டெர்ஹோர்ஸ்ட் கண்ணாடியைக் கழற்றினார். “தாராளமா எழுதலாம். எழுதினா அவரோட நோட்டை வாங்கிப் பார்ப்பாங்க. நோட்டுல என்ன இருக்கு?”

“மூணு.”

“அப்ப உனக்கு மூணுதான் கிடைக்கும். இல்லாத புள்ளியைப் போட்டதுக்கு அவருக்கு ஓலை போகும். இன்னிக்குத் தேதியில ஒரே வழிதான். அவரே, அவர் பொறுப்புல, வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள்ள மாத்தணும். ஏன் மாத்தினேன்னு காரணமும் எழுதணும்.”

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். மாரிட்டோ மாட்டைத் திருப்பிக் கொண்டுபோய், இது போதாது, இதைவிடப் பெரிய மாடாகக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். நன்றி வேறு சொல்லித் தொலைத்தாயிற்று. வராந்தாவில் மூன்று முறை நடந்துவிட்டு ஆசிரியர் அறைக் கதவைத் தட்டினாள்.

விஷயத்தைக் கேட்டதும் ஓவர்பெக்கின் காது இரண்டும் சிவந்தன.

“அட கடவுளே. ஏம்மா, அப்புறம் எதுக்கு நன்றி சொன்னே?”

“நீங்க அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க சார்.”

அவருக்குக் கோபம் வந்தது. அவள் மேலா, தன் மேலா என்று அவருக்கே தெரியவில்லை. நோட்டை எடுத்து அவள் பக்கம் திருப்பினார். “நீயே பாரு. நவம்பர் பரீட்சை நாலு. ஜனவரி மூணு. வகுப்புல வாயே திறக்கல. மூணை நாலாக்கினதுக்கே எனக்கு மனசு உறுத்துச்சு. இன்னொன்னும் சும்மா போடுன்னா எப்படிம்மா? மத்த பிள்ளைங்க முகத்துல நான் எப்படி முழிக்கறது?”

மாரிட் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழக் கூடாது என்று வரும்போதே முடிவு பண்ணியிருந்தாள். அழுதுவிட்டாள்.

ஓவர்பெக் ஜன்னலைத் திறந்தார், மூடினார். “சரி. நாளைக்கு நம்ம கடைசி வகுப்பு இருக்குல்ல? பலகைக்கு வா. ஒரே ஒரு கணக்கு. போட்டுட்டியானா அஞ்சு, காரணத்தை நான் எழுதிக்கறேன். போடலைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. வீட்டுக்குப் போய் படி.”

வீட்டில் சாயங்காலச் சாப்பாடு: ரொட்டி, பாலாடைக்கட்டி, ஊறவைத்த வெள்ளரி. அப்பா கிளெமென்ஸ் ஹோல்ஷர் கூரை போடும் தொழில் செய்கிறவர். கையில் பதினோரு ஆள். மகள் சொன்னதைக் கேட்டு அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வருத்தத்துக்கு அடியில் வேறு ஒன்றும் இருந்தது.

“அழாதடி. உலகமா முடிஞ்சுபோச்சு? ஓடு எத்தனை, ஆணி எத்தனைன்னு பில் போடறதுக்குப் பாதிச் சான்றிதழே ஜாஸ்தி. ஆபீஸ்ல பெரிய ஜன்னலோரம் உனக்குன்னு இடம் ஒதுக்கி வெச்சுட்டேன். படிப்பு சின்னவ யூலேக்கு, கம்பெனி உனக்கு. நான் எப்பவோ முடிவு பண்ணினது இது.”

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எதிர்த்தாவது பேசலாம். ஒதுக்கி வைத்த இடத்தின் சுவர்கள் மாரிட்டுக்குக் கண்ணெதிரே தெரிந்தன. நாற்பது வருடம் அந்த ஜன்னல் வழியாக ஓடு ஏற்றும் லாரியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

யூலே அவளுடைய தங்கை, ஒரு வயது சின்னவள். மாரிட் ஒரு வருடம் பின்தங்கியதில் இருவரும் இப்போது ஒரே வகுப்பு. கணக்கில் யூலேக்குப் பதினாலு புள்ளி. யூலே சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது அந்த வீட்டில் எழுதாத சட்டம். அக்காவின் வீட்டுப்பாடத்தை எட்டாம் வகுப்பிலிருந்தே திருத்திக் கொடுக்கிறாள். பரீட்சை நாளில் தங்கை நாலு மேசை தள்ளி உட்கார்ந்திருப்பாள். மாரிட் ஒன்றை எழுதுவாள், யூலேயாக இருந்தால் இப்படியா எழுதுவாள் என்று யோசிப்பாள், அடித்துவிட்டு வேறு எழுதுவாள். பேனாவில் மை தீர்ந்ததெல்லாம் அடித்தே தீர்ந்தது.

பாத்திரம் துடைக்கும்போது யூலே கிசுகிசுத்தாள். “அக்கா, நாளைக்கு நான் முதல் வரிசைல உட்கார்றேன். உனக்குத் தெரியலைன்னா என் தாடையைப் பாரு. விரல்ல காட்டறேன்.”

“மாட்டிக்கிட்டோம்னா?”

“நான் என்னிக்கு மாட்டியிருக்கேன்?”

வியாழக்கிழமை மூன்றாவது பாடவேளை. இருபத்து மூன்று பேரும் வந்திருந்தார்கள். பிரச்சினை என்னவென்று யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்கள் பக்கத்து ஊர்களில் பேச்சு குறைவு, செய்தி மட்டும் வேகமாகப் போகும்.

ஓவர்பெக் பலகையில் எழுதிவிட்டு உரக்கப் படித்தார். “ஒரு மழைநீர்த் தொட்டி. ஆரம்பத்துல காலி. மணிக்கு எவ்வளவு தண்ணி உள்ள வருதுங்கறதுக்கு இதுதான் சூத்திரம்: 6t − t². t-ன்னா எத்தனாவது மணி. மொத்தம் எட்டு மணி நேரம். விடை மைனஸா வந்தா தண்ணி வெளிய போகுதுன்னு அர்த்தம். தொட்டியில தண்ணி எப்ப ரொம்ப அதிகமா இருக்கும்?”

மாரிட் சுண்ணாம்புக்கட்டியோடு நின்றாள். சூத்திரத்தைப் பார்த்தால் மண்டைக்குள் இரைச்சல்தான் கேட்டது. அப்பாவின் பட்டறைக்குப் பின்னால் கூரைத் தண்ணீர் பிடிக்கும் பீப்பாயை நினைத்துக்கொண்டாள். மழை கொட்டும், பிறகு குறையும். குறைந்தாலும் குழாயில் சொட்டுகிற வரைக்கும் பீப்பாய் ஏறிக்கொண்டேதான் இருக்கும். வரத்து சுத்தமாக நின்றால்தான் ஏறுவது நிற்கும். இந்தச் சூத்திரத்தில் வரத்து எப்போது நிற்கிறது? ஆறாவது மணியில். பலகையில் 6 என்று எழுதினாள்.

எழுதியதும் பயம் வந்தது. பீப்பாயை வைத்து யாராவது கணக்குப் போடுவார்களா? கணக்கு என்றால் இவ்வளவு சுலபமாகவா இருக்கும்? தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பினாள். யூலேயின் தாடையில் மூன்று விரல்.

மாரிட் ஈரத் துண்டை எடுத்து ஆறை அழித்தாள். 3 என்று எழுதினாள்.

ஓவர்பெக் முதல் வரிசைப் பக்கம் பார்க்கவே இல்லை. பார்க்காமலிருக்க அவர் படுகிற பாட்டிலேயே, பார்த்துவிட்டார் என்பது தெரிந்தது.

“முதல்ல வேற என்னமோ எழுதினியே?”

“அது தப்பு சார்.”

“தப்புன்னு யார் சொன்னது?”

ஓவர்பெக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “பலகையில ஏதாவது ஒண்ணுதான் நிக்கணும். எது நிக்குதோ அதுக்குத்தான் புள்ளி. யோசி. பெல்லடிக்க இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு” என்றார். முகத்தில் ஒரு தகவலும் இல்லை. நேற்றைய தாராளம் எங்கே போயிற்றோ.

மாரிட் இரண்டையும் எடை போட்டாள். மூன்று என்று விட்டுவிட்டு அது தப்பாகிப் போனால் பாதிப் பாவம் யூலேயைச் சேரும். தப்பிலாவது ஒரு துணை. ஆறு என்று எழுதி அது தப்பானால்? கூரைக்காரன் பெண் பீப்பாயைப் பார்த்துக் கணக்குப் போட்டுப் படிப்பைத் தொலைத்தாள் என்று காலத்துக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். மூன்று பத்திரமானது. மூன்று பதினாலு புள்ளிக்காரியின் விடை. கதவுப் பக்கம் பார்த்தாள். சாத்தியிருந்தது.

கடைசியில் அவளை நகர்த்தியது தைரியம் இல்லை, எரிச்சல். ஆறு நிமிடத்தை எப்படியும் நின்றுதானே கழிக்க வேண்டும், இரண்டையும் போட்டுத்தான் பார்ப்போமே என்று ஓரத்தில் எழுத ஆரம்பித்தாள். வந்து சேர்ந்த தண்ணீர் மொத்தம்: 3t², அதில் t³-இல் மூன்றில் ஒரு பங்கு கழிக்க வேண்டும். மூன்றாவது மணி: இருபத்தேழில் ஒன்பது போனால் பதினெட்டு. ஆறாவது மணி: நூற்றெட்டில் எழுபத்திரண்டு போனால்... விரலை மடக்கி எண்ணினாள், வெட்கப்படவில்லை... முப்பத்தாறு.

பதினெட்டு. முப்பத்தாறு.

மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. மாரிட் மூன்றைத் துடைத்துவிட்டு, சுண்ணாம்புக்கட்டி ஒடியும்படி அழுத்தி 6 என்று எழுதினாள்.

“எது?” என்றார் ஓவர்பெக்.

“ஆறு சார். என்னோடது.”

அவர் நோட்டைத் திறந்து எழுதினார். “அஞ்சு” என்றார். பின் வரிசையில் யாரோ பாராட்டாக மேசையை விரல்முட்டியால் தட்ட, மொத்த வகுப்பும் சேர்ந்து தட்டியது.

படிக்கட்டில் யூலே அவளைப் பிடித்துக்கொண்டாள். அழுது மூக்கெல்லாம் சிவந்திருந்தது. “அக்கா, மன்னிச்சுடு. மூணுங்கறது தண்ணி வேகமா வர்ற நேரம். அவசரத்துல அதைக் காட்டிட்டேன். நீ என் பேச்சைக் கேட்டிருந்தா போயிருப்பே.”

“கேட்டேனே. அழிச்சேனே” என்றாள் மாரிட்.

சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். டெர்ஹோர்ஸ்ட் மேடம் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். அப்பா போனில், “பலே! அந்த இடத்துல பிரிண்டரை வெச்சுக்கறேன்” என்று சொல்லிக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். மாரிட்டுக்கு எதுவும் ஒட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் கணக்குக் கோப்பை எடுத்துத் தரையில் உட்கார்ந்து நவம்பர் பரீட்சைத் தாளைப் பிரித்தாள். நாலு புள்ளி, இன்னும் ஒன்றரை மதிப்பெண் இருந்தால் ஐந்தாகியிருக்கும் என்று ஓவர்பெக் சிவப்பில் ஓரமாக எழுதியிருந்தார். அடித்த வரிகளை யாரும் திருத்துவதில்லை, அதுவும் விதிதான்.

மூன்றாம் கேள்வியில் அடித்திருந்த வரியை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். திரும்பப் போட்டுப் பார்த்தாள். சரி. அடுத்த பக்கத்தில் இன்னொன்று. அதுவும் சரி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண்.

யூலே கதவோரம் வந்து நின்றாள். “என்னக்கா தேடறே?”

மாரிட் போன வருடத் தாள்களைக் கோப்பிலிருந்து உருவினாள். ஏழு குறையில் கணக்குப் பாடத்தில் வந்தவை மூன்று. முதல் தாளின் முதல் பக்கத்திலேயே, ஒன்றின்மேல் ஒன்றாக, நாலு அடித்தல்கள் இருந்தன.