பட்டி பூசிய இரும்பு

காரைப் பற்றி ஒரு பெண் பேசினால் எங்கள் ஊர் மெக்கானிக்குகளுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. "சத்தம் வந்தா பாட்டு போட்டுக்கங்க மேடம்" என்றான் ஒருவன். அந்தச் சிரிப்புக்காகவே நானே கழற்றுவது என்று முடிவுகட்டினேன். ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போதெல்லாம் இடது முன்சக்கரத்தில் கடக்கென்று சத்தம். பிரேக் அடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுத்தது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கைக்கு லோயர் ஆர்ம் என்று பேர். அது வண்டியோடு சேரும் இடத்தில் இருக்கிற ரப்பர் புஷ் தேய்ந்தால் இப்படித்தான் ஆகுமாம். வீடியோ பார்த்தேன், புது புஷ் வாங்கி வந்தேன், ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலிலேயே ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கிவிட்டேன்.

மறுநாள் என் மகள் வெண்மதிக்குச் சிதம்பரத்தில் பரீட்சை. அவள் அப்பா துபாயில். ஆத்திர அவசரத்துக்கு எனக்கென்று இருந்தவன் அடுத்த தெருவில் குடியிருக்கும் என் தம்பி பாண்டியன் ஒருவன்தான். அவனை நான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியதை ஊரே பார்த்திருக்கிறது.

சக்கரம் கழன்று கிடப்பதைப் பார்த்ததும் பாண்டியன் முகம் சுருங்கியது.

"ஒனக்கு எதுக்குக்கா இந்த வேல? மூடி வையி. அடுத்த வாரம் நானே ஷெட்டுல வுட்டுத் தரேன்."

"நாளைக்குப் பரீட்சைடா."

"அப்ப அப்படியே ஓட்டிட்டுப் போ. ஒண்ணும் ஆவாது."

என் மேல் உள்ள அக்கறை என்று நினைத்தேன். போடா என்று விரட்டிவிட்டு ஸ்பேனரைப் பிடித்தேன்.

ஆர்ம் கழன்று வந்துவிட்டது. பழைய புஷ் மட்டும் வரவில்லை. சுத்தியலால் அடித்தேன், வைஸ் பிடியில் இறுக்கி நெரித்தேன், அசையவே இல்லை. சிராமிக் வேலை செய்கிறவளுக்கு அதற்கு மேல் வேறென்ன தோன்றும்? நெருப்புதான். எங்கள் யூனிட்டில் அன்று அகல் விளக்குச் சூளை எரிந்துகொண்டிருந்தது. ஆர்மை ஸ்கூட்டியில் வைத்துக் கொண்டுபோய்ச் சூளை வாயில் செருகிவிட்டேன். ரப்பர் கரும்புகையாக நாறிக்கொண்டு எரிந்தது. அப்படிச் சுட்டால் இரும்பின் பலமே போய்விடும் என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். விவரம் தெரிந்த யாரும் அந்தக் காரியத்தைச் செய்யமாட்டார்கள்.

இடுக்கியால் வெளியே இழுத்துப் போட்டபோது புஷ் எரிந்து போயிருந்தது. கறுப்புப் பெயிண்டும் போயிருந்தது. கூடவே ஆர்மின் நடுவிலிருந்து அப்பளம் மாதிரி ஏதோ பொரிந்து விழுந்தது. கார் பாடியில் நசுங்கலை மறைக்கப் பூசுவார்களே, அந்தப் பட்டி. அதற்கடியில் குறுக்கே ஒரு வெல்டிங் தழும்பு. ஆறியதும், சுட்ட சாமானைத் தட்டிப் பார்க்கிற பழக்கத்தில் ஒரு கம்பியால் தட்டினேன். விரிசல் விட்ட அகல் போலச் செத்த சத்தம் கேட்டது. உற்றுப் பார்த்தால் வெல்டிங் பாதி தூரத்துக்கு வாய் பிளந்திருந்தது.

இந்த வண்டி என் கையில் எதன் மீதும் மோதியதில்லை. வேறு ஒரு கைக்குத்தான் போயிருக்கிறது. ஆடி மாதம் தன் மாமியார் ஊரான திட்டக்குடிப் பக்கத்து மங்களூருக்கு என்று பாண்டியன் வாங்கிக்கொண்டு போனான். திருப்பிக் கொடுத்தபோது கழுவி, பாலிஷ் போட்டுப் பளபளவென்று நிறுத்தினான். எவ்வளவு பொறுப்பு பாருங்கள் என்று துபாய்க்குப் போன் போட்டுப் பெருமையடித்தவள் நான்.

வீட்டுக்கு வந்து அவனைக் கூப்பிட்டு, ஆர்மை அவன் காலடியில் போட்டேன்.

"வாங்குறப்பவே இருந்திருக்கும்க்கா."

"பாண்டியா, என்னைப் பாத்துச் சொல்லு."

அவன் பார்க்கவில்லை. "திட்டக்குடி தாண்டி ஒரு மாடு குறுக்க வந்துடுச்சு. ஸ்டீரிங்க ஒடிச்சேன், பாலத்துக் கட்டையில ஏறி ஆர்ம் ரெண்டா போச்சு. வெல்டிங் வெச்சவன் தாங்கும்னான். நீ திட்டுவியேன்னு பயந்துட்டேன்க்கா."

"வாரா வாரம் வெண்மதிய ஒக்கார வெச்சிக்கிட்டு நெய்வேலி ரோட்டுல லாரிக்கு நடுவுல போறேன்டா. இது வுட்டுச்சுன்னா சக்கரம் தனியா போவும். தெரியுமா ஒனக்கு?"

அவன் அழுதான். எனக்கும் கண் கலங்கியது. சின்ன வயதில் எதை உடைத்தாலும் ஒளித்து வைக்கிறவன்தான், பயந்துவிட்டான், போகட்டும் என்று மனசு இளக ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து அவன் மனைவி பூர்ணிமா சோற்றுக் கேரியரோடு வந்தாள். ஏழு மாத வயிறு. அவளுக்கு எதுவும் தெரியாது.

"அண்ணி, வண்டிய ரெடி பண்றீங்களா? நல்லதாப் போச்சு. நான் மாசா மாசம் செக்கப்புக்கு பஸ்ஸுலயே இடிபட்டுக்கிட்டுப் போறேன். ஒங்க அக்கா வண்டியக் கேளுங்கன்னா, அந்த வண்டில நீ காலே வைக்கக் கூடாதுன்றாரு இவுரு. ஆடியிலேர்ந்து இதே பாட்டுதான்."

இளகிய மனசு அப்படியே இறுகிவிட்டது. பயந்தவன் மறைப்பான், அது எனக்குப் புரியும். ஆனால் இவனுக்கு ஆபத்து தெரிந்திருக்கிறது. தெரிந்து, தன் பெண்டாட்டியையும் பிள்ளையையும் மட்டும் இறக்கிவிட்டிருக்கிறான்.

பாண்டியன் அழுகையை நிறுத்தி அவளைப் பார்த்தான், அப்புறம் என்னை.

"ஒம் புள்ளைய ஏத்தாத வண்டியில எம் புள்ள ஏறுறப்பல்லாம் இந்த வாசல்ல நின்னு டாட்டா காட்டுனியேடா" என்றேன்.

அவன் என்னவோ சொல்ல வந்தான். நான் கேட்கவில்லை. பூர்ணிமாவை உட்காரச் சொல்லிவிட்டு, காலையில் சிதம்பரத்துக்கு முதல் பஸ் எப்போது என்று அவளிடமே விசாரித்தேன்.