முதலில் அழைக்க வேண்டிய எண்

1

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் இருந்தவர்கள்: எதிர்வீட்டுத் தையல்காரர், மூலைவீட்டுப் பல் டாக்டர், தங்கையின் கணவரான மாப்பிள்ளை. இருபது நிமிடம் கழித்து வந்து சேர்ந்தவர்கள்: பெரியவர், அவர் மனைவி, அவர்கள் மகன். வேறு யாரும் இல்லை. கண்ணால் பார்த்ததாகச் சொல்லித் திரிகிற மற்றவர்கள் அந்த நேரத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு காதைப் பொத்தியிருந்தார்கள்.

கதை பிறந்த விதத்தை மறைக்கப் போவதில்லை. எங்கள் குடியிருப்போர் சங்கம் ஆண்டுமலர் போடுகிறது. ஆசிரியர் பல் டாக்டர். கம்பியில்லாத் திருட்டு அலாரம் பொருத்திய முதல் வீடு எங்களுடையது என்பதால் அதைப் பற்றி அரைப் பக்கம் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "எல்லாம் சரி சார், அன்னிக்கு நடந்தது இதுல இல்லையே" என்றார். பல் பிடுங்குகிறவர்களுக்கு எதையும் பாதியில் விட வராது.

பெரியவர் என்று வருபவர் நான்தான். தன்னைத்தானே பெரியவர் என்று சொல்லிக்கொள்வது அதிகம் என்று என் மனைவி கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறாள். 'நான்' என்று போட்டு இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். இரண்டு முறையும் எனக்கு நானே சலுகை கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆகவே பெரியவர்.

2

முதல் தொடக்கம்: "பாதுகாப்பு என்பது இன்றைய வாழ்வில் இன்றியமையாத—" வேண்டாம். சங்கக் கூட்டத்திலேயே இதற்குக் கொட்டாவி விடுவார்கள்.

இரண்டாம் தொடக்கம்: "திருடன் ஒருவன் அந்த வீட்டை மூன்று நாளாக நோட்டம் விட்டுக்கொண்டிருந்தான்." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தக் கதையில் கடைசிவரை திருடன் வரமாட்டான். அவனுக்காக உட்கார்ந்திருக்கும் வாசகர் இங்கேயே எழுந்து போகலாம்.

மூன்றாம் தொடக்கம்: "அலாரம் பொருத்த வந்த பெண் ஏணியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள்." இது உண்மை. இதிலிருந்தே போகலாம்.

ஏணியைச் சாத்திவிட்டு அந்தப் பெண் வேலையில் இறங்கினாள். பெரியவர் பின்னாலேயே நடந்து கம்பி எங்கே, கம்பி எங்கே என்று கேட்டார். கம்பி கிடையாது, எல்லாம் காற்றிலேயே பேசிக்கொள்ளும் என்றாள். கூடத்தில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. வாசல் ஓரம் எண் அழுத்தும் பலகை. கூடத்து மூலையில் ஏழடி உயரத்தில், ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும் சென்சார். முன்கதவில் ஒரு காந்தம், நிலையில் அதன் ஜோடி; கதவு திறந்தால் இரண்டும் பிரியும், பிரிந்தால் பெட்டிக்குத் தகவல் போகும். வெளியே கூரை விளிம்புக்குக் கீழே சைரன்.

சோதித்துப் பார்க்கக் கூடத்தில் நடக்கச் சொன்னாள். சொந்த வீட்டில் திருடனைப் போல நடப்பதற்குப் பெரியவர் முதலில் மறுத்தார். பிறகு நடந்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. மெதுவாக நடந்தார். எரிந்தது. சுவரோடு சுவராக ஒட்டிப் போனார். எரிந்தது. அடுத்து நாற்காலிக்குப் பின்னால் தவழ்ந்தார் என்று, சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி சொல்வது—

[அந்த வாக்கியம் அங்கேயே நிற்கட்டும்.]

கதவு நிலை பழையது, சற்றுச் சாய்ந்திருக்கிறது, அதனால் காந்தத்தையும் சாய்த்தே ஒட்டியிருக்கிறேன், தயவுசெய்து தொடாதீர்கள் என்றாள். பெரியவர் தலையாட்டினார். கடைசியாகக் கைக்கணினியை எடுத்து, சைரன் அடித்தால் அலாரம் கம்பெனி அலுவலகத்திலிருந்து முதலில் யாரை அழைப்பது என்று கேட்டாள்.

"உங்க நம்பர் ரெண்டாவது சார். நீங்க வெளியில இருக்கறப்பதானே அடிக்கும்? முதல் ஆள் பத்து நிமிஷத்துல வாசலுக்கு வரக்கூடியவரா இருக்கணும். கையில ஒரு சாவியும் குடுத்து வெச்சிருங்க."

மகன், மாப்பிள்ளையின் எண்ணைக் கொடுத்தான்.

[இந்த வரிக்குப் பக்கத்தில் மனைவி ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருக்கிறாள்.]

3

மாப்பிள்ளை லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். வீடு இரண்டு தெரு தள்ளி, நடந்தால் நான்கு நிமிடம். பெரியவரும் அவரும் பேச்சை நிறுத்தி ஆறு வருடம் ஆகியிருந்தது.

பெரியவர் பணி ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் விருந்து நடந்தது. மேலதிகாரி, பெரியவர் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையைக் காட்டி, இவர் யார் என்று கேட்டார். பெரியவர் சொன்ன பதில், எழுத்துக்கு எழுத்து இது:

"தெரிஞ்சவர். லிஃப்ட் ரிப்பேர் பண்றவர்."

மாப்பிள்ளை கையிலிருந்த தட்டை மேஜையில் வைத்துவிட்டுப் படிவழியாக இறங்கிப் போனார். ஏழு மாடி. லிஃப்ட் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

சொல்லாமல் கொள்ளாமல் போனது குடும்ப மரியாதைக்கு இழுக்கு என்பது பெரியவர் கட்சி. மாப்பிள்ளையின் கட்சி என்னவென்று தெரியாது, யாரும் கேட்கவில்லை. தங்கை மட்டும் மாதம் ஒருமுறை வருவாள். கணவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். கிளம்பும்போது "வரேண்ணா" என்பாள், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் எனக்குப் பெரியவர் மேல் ஒரு சந்தேகம். மேலதிகாரி முன்னால் வாய் தவறியிருக்கலாம், மனிதர்தானே. ஆனால் அடுத்த நாள் நான்கு நிமிடம் நடந்து போயிருக்கலாமே? ஒரு கதாபாத்திரம் இவ்வளவு சின்னக் காரியத்தைச் செய்யாமல் இருந்தால் வாசகர் நம்ப வேண்டாமா? பெரியவரைக் கேட்டுப் பார்த்தேன். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டு, அவர்தான் முதலில் வர வேண்டும் என்கிறார். இதற்குமேல் அவரிடமிருந்து எதையும் கறக்க முடியவில்லை.

4

காந்தம் கோணலாக இருந்தது.

முதல் நாள் பெரியவர் அதைக் கடந்து போனார். இரண்டாம் நாள் காபி குடிக்கும்போது அது கண்ணை உறுத்தியது. மாலையில், கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தைத் தேடி எடுத்து வந்து, காந்தத்தைப் பெயர்த்து, குமிழி நட்டநடுவில் நிற்கும்வரை பார்த்து, பழைய பசைநாடாவாலேயே நேராக ஒட்டினார். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் பார்த்துவிட்டு, ஒட்டுமா என்றாள். நேராக இருப்பது நிற்கும் என்றார்.

நேராக இருந்தது ஒரு நாள் நின்றது.

மறுநாள் மூவரும் மனைவியின் கண் பரிசோதனைக்கு மகனின் காரில் போயிருந்தார்கள். மருத்துவமனையில் செல்பேசியை அணைக்கச் சொன்னார்கள். சொன்னால் அணைக்கிற ஒரே மனிதர் பெரியவர். பிற்பகல் வெயில் கதவில் விழுந்தது, பசை இளகியது, காந்தம் தரையில் விழுந்தது. கதவை யாரோ திறந்துவிட்டதாகப் பெட்டி நினைத்துக்கொண்டது. சைரன் அலறியது. அலுவலகத்திலிருந்து முதல் எண்ணுக்கு அழைப்பு போனது.

மாப்பிள்ளை கருவிப் பையோடு இரண்டு நிமிடத்தில் ஓடி வந்துவிட்டார். சாவி இல்லை. அவருக்குச் சாவி கொடுக்க வேண்டுமென்றால் அவரோடு பேச வேண்டும் அல்லவா? வீட்டைச் சுற்றி வந்தார். ஜன்னல் எதுவும் உடையவில்லை, உள்ளே ஆள் இல்லை. சைரனையாவது நிறுத்தலாம் என்று மதில்மேல் ஏறி நின்று, திருப்புளியை எடுத்து அதன் மூடியைக் கழற்றத் தொடங்கினார். அந்த வேலையில் கை வைத்தவர்களுக்கு அது நியாயமாகத் தெரியும். கீழேயிருந்து பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும் என்பதை நீங்களே நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு ஓடிவந்து அவர் காலைப் பிடித்தார். பல் டாக்டர் மற்றக் காலை.*

இது என் மச்சான் வீடு என்று மாப்பிள்ளை கத்தினார்.

"ஆறு வருஷமா எதிர்ல இருக்கேன்" என்று தையல்காரர் கத்தினார். "ஒரு நாள்கூட உங்களை இந்த வாசல்ல பார்த்ததில்லையே?"

மாப்பிள்ளை திருப்புளியைப் பைக்குள் போட்டார். இறங்கி வாசற்படியில் உட்கார்ந்தார். போன் செய்து அவர் மனைவியை வரச்சொல்லலாமே என்று பல் டாக்டர் யோசனை சொன்னபோதும், வேண்டாம், வீட்டுக்காரர் வந்து சொல்லட்டும் என்று மட்டும் சொன்னார்.

* நான் காலைப் பிடிக்கவில்லை. விழுந்துவிடாமல் தாங்கிக்கொண்டேன். (ஆசிரியர், ஆண்டுமலர்)

5

கார் வந்து நின்றது. சைரன் மூன்று நிமிடம் அடிக்கும், கொஞ்சம் மூச்சு வாங்கும், மறுபடி அடிக்கும். அப்போது அடித்துக்கொண்டிருந்தது. தையல்காரர் கார்க் கதவருகே குனிந்து, இவரைத் தெரியுமா சார் என்று கேட்டார்.

இந்த இடத்தை மூன்று விதமாக எழுதினேன்.

முதல் விதத்தில் பெரியவர், உறவின் மேன்மை பற்றி ஒரு பத்தி முழுக்கப் பேசினார். "அந்தச் சத்தத்துல யாருக்குக் கேட்டுச்சாம்?" என்று பென்சில் கேட்டது. அடித்துவிட்டேன்.

இரண்டாம் விதத்தில் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் யாரும் யாரையும் கட்டிக்கொள்வதில்லை. அதையும் அடித்தாயிற்று.

நடந்தது மூன்றாவது. பெரியவர் இறங்கினார். 'தெரியும்' என்று சொன்னாலே போலீஸுக்குப் போகிற விவகாரம் முடிந்துவிடும். மாப்பிள்ளை படியிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். இவர் வாயிலிருந்து என்ன வரும் என்று முன்பே கேட்டு வைத்திருக்கும் ஆளின் பார்வை அது. பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். [தூசி.] [தூசி இல்லை.]

"எங்க வீட்டு மாப்பிள்ளையை வாசப்படியில உக்கார வெச்சிருக்கீங்களே, இது நல்லாவா இருக்கு?"

தையல்காரர் சட்டென்று விலகி, தன் தோளில் கிடந்த துண்டுத் துணியால் மாப்பிள்ளையின் சட்டைத் தூசியைத் தட்டத் தொடங்கினார். பெரியவர் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

"திறங்க மாப்பிள்ளை."

மாப்பிள்ளை சாவியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், வாங்கிக்கொண்டார். கதவைத் திறந்து எண் பலகை முன்னால் நின்று திரும்பினார்.

"கோட் என்ன மச்சான்?"

பெரியவர் காதோடு சொன்னார். கேட்கவில்லை. உரக்கச் சொன்னார். கேட்கவில்லை. தன் வாழ்நாளில் தெருவில் குரல் உயர்த்தியிராத மனிதர், அடிவயிற்றிலிருந்து, "நாலு, நாலு, ஒண்ணு, ஏழு" என்று கத்தினார். சைரன் மூச்சு வாங்க நின்றது சரியாக அந்த நொடியில். மூன்று தெருவுக்குக் கேட்டது.

[மறுநாளே மாற்றிவிட்டோம். இங்கே அச்சானதை வைத்துக்கொண்டு யாரும் முயல வேண்டாம்.]

6

உள்ளே போனதும் மாப்பிள்ளை தரையில் கிடந்த காந்தத்தை எடுத்தார். கதவில் அது ஒட்டியிருந்த தடத்தைப் பார்த்தார்.

"இதை யாரு இவ்வளவு நேரா ஒட்டினது?"

மகன் கூரையைப் பார்த்தான். மனைவி பெரியவரைப் பார்த்தாள். மாப்பிள்ளை மேற்கொண்டு விசாரிக்கவில்லை. பழைய பசையைச் சுரண்டி, புது நாடா வைத்து, பழையபடி கோணலாக ஒட்டிக் கொடுத்தார். இன்றுவரை அசையவில்லை.

தேநீர் வந்தது. பிஸ்கட் வந்தது. லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால் உள்ளே இருப்பவர்கள் என்னென்ன பேசுவார்கள் என்று மாப்பிள்ளை சொல்லிக் காட்ட, மனைவி சிரித்துச் சிரித்து, மருந்து விட்ட கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெரியவரும் சிரித்தார். இங்கேயே கதையை முடித்திருந்தால் மலருக்குப் பொருத்தமாக இருந்திருக்கும்.

ஆனால் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மாப்பிள்ளை ஒன்று கேட்டார்.

"போன்ல பேசின பொண்ணு, உறவுங்கற இடத்துல 'வீட்டு ஆள்'னு போட்டிருக்குன்னு வாசிச்சா. அதைக் கேட்டுத்தான் செருப்புகூடப் போடாம ஓடி வந்தேன். என் நம்பரை யாரு குடுத்தது மச்சான்?"

பெரியவர் சொன்னார்: "பையன் குடுத்திருப்பான்."

மகன், சர்க்கரை கரைந்துவிட்ட தேநீரை இன்னொரு முறை கலக்கினான்.

"அதானே பார்த்தேன்" என்றார் மாப்பிள்ளை. மீதித் தேநீரைக் குடித்துவிட்டு, சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனார். வழியில் பார்த்தால் இப்போது பேசுகிறார். அலாரம் ஒழுங்காக இருக்கிறதா என்று கேட்பார். வீட்டுக்கு வரவில்லை. சாவி மேஜைமேலேயே இருக்கிறது.

7

முடிவுக்குச் சில ஏற்பாடுகள் செய்து வைத்திருந்தேன்.

ஒன்று: ஆண்டுமலர் வெளியாகிறது. மாப்பிள்ளை படிக்கிறார். மறுநாள் வந்து, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். எனக்குப் பிடித்தது இதுதான், ஆகவே இதை நம்புவதற்கில்லை.

இன்னொன்று: தங்கை படித்துக் கணவரிடம் சொல்கிறாள். அவர், "எனக்கு அன்னிக்கே தெரியும்" என்கிறார். இதில் பெரியவர் மேலும் சிறுத்துப்போகிறார்.

மூன்றாவதில் மலரை யாருமே படிப்பதில்லை. தையல்காரர் அதன் தாளை ஜாக்கெட் அளவுக்கு வெட்டிக்கொள்கிறார்.

இந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சில் எழுத்து: "நேர்ல போய்ச் சொல்ல நாலு நிமிஷம். இதை எழுத எட்டு நாள்."

பதில் எழுதப் பென்சிலைக் கேட்டேன். தரவில்லை.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. மலர் வீடுவீடாக வரும் நாளன்று காலை பத்து மணிக்குப் பெரியவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார். இடது பக்கம் திரும்பினால் மாப்பிள்ளை வீடு, வலது பக்கம் நூலகம். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து பார்க்க நினைப்பவர்கள் பார்க்கலாம். எந்தப் பக்கம் திரும்பினார் என்பதை எழுதிக்கொள்ளக் கீழே நான்கு வரி இடம் விடும்படி ஆசிரியரைக் கேட்டிருக்கிறேன்.

அதற்கு முன்னால் இரண்டு வதந்திகள்.

மாப்பிள்ளை திருட வந்தார் என்பது பொய். அழைத்தார்கள், வந்தார்.

எண்ணைக் கொடுத்தது மகன் என்று தெருவில் பேசுகிறார்கள், குடும்பத்தில் பேசுகிறார்கள், இந்தக் கதையின் இரண்டாம் பகுதியிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. தவறு. மகன் அந்த நேரத்தில் வேலைக்குப் போயிருந்தான். அந்தப் பெண் கேட்டதும் எண்ணைக் கொடுத்தது நான். 'வீட்டு ஆள்' என்று போடச் சொன்னதும் நான். எதையும் எடுத்துப் பார்க்கவில்லை. பத்து இலக்கமும் மனப்பாடமாகத் தெரியும்.