போலி மகாமா

வாயாடிக்கு இருப்புக்கொள்ளவில்லை. பேராசிரியையின் மேசைமேல் நான்கு தாள்கள் கிடந்தன. மூன்று, இன்னும் அச்சேறாத பழைய அரபுச் சுவடியிலிருந்து வாயாடி தட்டச்சு செய்தவை. ஒன்று அவளே அரபியில் எழுதியது, அப்பட்டமான போலி!

எல்லாம் ‘மகாமா’ வகைக் கதைகள். பேச்சில் கெட்டிக்காரனான ஒரு திருடன் வேஷம் மாற்றி ஊர் ஊராகப் போவான். அடுக்குமொழியில் கூட்டத்தை மயக்கி, மடியை நிரப்பிக்கொண்டு கம்பி நீட்டுவான். உரைநடைதான், ஆனால் வாக்கியத்துக்கு வாக்கியம் முடிவில் ஓசை ஒத்துக் குதிக்கும். அந்தக் குதிப்பில் விழுந்த வாயாடி முதுகலை முடித்தும் எழுந்திருக்கவில்லை. நடையை மட்டும் வைத்து, எழுதினவர் யாரென்று சொல்ல முடியாது என்பதுதான் அவள் ஆராய்ச்சிக்குக் கேட்ட தலைப்பு. மாணவர்கள் ‘கத்தரிக்கோல்’ என்று பெயர் வைத்திருந்த பேராசிரியை அதை ஒரே வெட்டாக வெட்டிவிட்டார்.

“போலியை ஒரு பக்கம் படிச்சாலே சொல்லிடுவேன்மா. முடிஞ்சா ஒண்ணு எழுதிட்டு வா. நான் ஏமாந்தா தலைப்பு உனக்கு. கண்டுபிடிச்சிட்டா, நான் சொல்ற சொல்லடைவைத்தான் நீ செய்யணும்.”

சொல்லடைவாம்! வருஷக்கணக்கில் உட்கார்ந்து சொற்களை அகரவரிசையில் அடுக்குவதா! வாயாடி பேய் பிடித்தவள்போலப் போலியை எழுதித் தள்ளினாள். அம்மாவின் போனைக்கூட எடுக்கவில்லை. ‘அப்புறம் பேசறேன்’ என்று செய்தி தட்டிவிட்டதோடு சரி.

கத்தரிக்கோல் முதல் இரண்டு தாள்களையும் படித்து ஓரமாக வைத்தார். மூன்றாவதை எடுத்தார். அதுதான்! வாய்விட்டுப் படித்தார், விரல் மேசையில் தாளம் போட்டது. “அடடா, என்ன ஓட்டம்!” என்றார். வாயாடிக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்தாயிற்று!

கடைசிப் பத்தியில் தாளம் நின்றது. அதையே மறுபடி படித்தார்.

“இதுதான் உன்னோடது.”

வாயாடிக்குப் பகீரென்றது. “எங்க மேடம் சறுக்கினேன்?”

“மொழியில எங்கயும் இல்ல. சத்தியமா எனக்குப் பொறாமையா இருக்கு. ஆனா உன் திருடன் கிடைச்ச ரொட்டியில பாதியைத் துணியில முடிஞ்சு வைக்கிறானே, யாருக்கு?”

வாயாடி எட்டிப் பார்த்தாள். ‘வீட்டில் என் தாய் எனக்காக வழி பார்த்திருப்பாள்’ என்று திருடன் சொல்லிக்கொண்டிருந்தான். ஓசைக்காக எழுதியதாகத்தான் அவள் நினைத்திருந்தாள்.

“அம்மாவுக்கு.”

“இந்தத் திருடனுங்களுக்கு வயிறு மட்டும்தாம்மா உண்டு. வீட்டுக்குப் பங்கு வைக்கிற ஒருத்தனைக்கூட நான் பார்த்ததில்ல. நீ ஊருக்குப் போய் எவ்வளவு நாளாச்சு?”

வாயாடி மாதங்களை விரல்விட்டு எண்ணினாள். வெட்கமாக இருந்தது. “தோத்துட்டேன். சொல்லடைவே செய்யறேன் மேடம்.”

“யாரு சொன்னா? நடையை வச்சு நான் கண்டுபிடிக்கலையே. உன் தலைப்பே அதுதானே?” கத்தரிக்கோல் தலைப்புப் படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். “எதை வச்சுக் கண்டுபிடிச்சேன்ங்கிறதையும் சேர்த்து எழுது. போ, போ!”

வாயாடி படிக்கட்டில் பறந்துகொண்டே போன் போட்டாள்.

“அம்மா! நான் மாட்டிக்கிட்டேன்!”

“ஐயையோ! என்னடி பண்ணித் தொலைச்ச?”

“காட்டிக் குடுத்ததே நீதான்!”

“நானா? நான் பாட்டுக்குச் சிவனேன்னு வீட்டுல இருக்கேன்!”

வாயாடி சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “ராத்திரிக்குள்ள வீட்டுக்கு வந்துடுவேன். எல்லாம் சொல்றேன்.”

“எவ்வளவு நேரமானாலும் வா,” என்றாள் அம்மா. “உன் பங்கை எடுத்து வைக்கிறேன்.”