ஏழு மாதம் கழித்து வந்த கடிதங்கள்

உம் ருவாபா ஊரில் ஏழு மாதமாகப் போனும் இல்லை, இணையமும் இல்லை. அப்போதுதான் லாரி எலக்ட்ரீஷியன் புஷ்ரா, சாட் எல்லையிலிருந்து சோள மூட்டைக்குள் ஒளித்து ஒரு சாட்டிலைட் இணையத் தட்டைக் கொண்டுவந்து அவதியாவின் மொட்டை மாடியில் இறக்கினான். அந்தத் தெருவில் சோலார் பலகை இருந்தது அவள் வீட்டில் மட்டும்தான்.

அவதியா கார்ட்டூமில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் அறையைப் பதினெட்டு வருடம் பார்த்துக்கொண்டவள்; அதனால் எல்லோருக்கும் அவள் உஸ்தாதா, டீச்சரம்மா. சண்டை மூண்டதும் கணவனின் ஊரான உம் ருவாபாவுக்கு வந்தாள். போன மழைக்காலத்து மலேரியாவில் அவனும் போய்விட்டான். மகள் தமாதுர், டாக்டர் படிப்பின் கடைசிப் பரீட்சை எப்படியும் நடந்துவிடும் என்று நம்பி, கார்ட்டூமை ஒட்டிய ஓம்துர்மானில் பெரியம்மா பத்தூலின் வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

வரும் வழியில் சோதனைச்சாவடியில் அவதியாவின் போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். துணிமூட்டைக்குள் இருந்த பழைய லினக்ஸ் கம்ப்யூட்டர் தப்பியது. வேறு எதில் மெயிலைத் திறந்தாலும் ரகசிய எண் அந்தப் பறிபோன நம்பருக்குத்தான் போகும். இதில் மட்டும் மெயில் திறந்தபடியே இருந்தது.

உச்சி வெயிலில் தட்டு வானத்தைத் தேடித் தேடி ஒருவழியாகப் பிடித்தது. புஷ்ராவின் போனில் இணையம் வந்தது. கம்ப்யூட்டருக்குத்தான் வரவில்லை. தட்டோடு வந்த பெட்டியில் வயர் செருக இடமே இல்லை. அவதியா வயரில்லாமல் இணையம் வாங்கும் வைஃபை குச்சியைக் கம்ப்யூட்டரில் செருகினாள். லினக்ஸ் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"இதுக்கு டிரைவர்னு ஒரு மென்பொருள் வேணும். அதை இறக்கணும்னா இணையம் வேணும்."

"லாரி ஓட டிரைவர் வேணும், டிரைவர் வந்து சேர லாரி வேணும்ங்கறியா உஸ்தாதா? இதுக்குத்தான் நான் பன்னெண்டு நாள் சோளத்துமேல படுத்து வந்தேனா?"

"வாயை மூடிட்டு உன் போனைக் குடு."

போனை வயரால் கம்ப்யூட்டரோடு இணைத்தாள். தட்டிடமிருந்து இணையத்தைப் போன் வாங்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கட்டும். கறுப்புத் திரையில் இரண்டு வரி அடித்தாள். மூன்றாவது வரியில் இணைப்பு கிடைத்துவிட்டதாகப் பதில் வந்தது. தங்கள் மெயிலுக்காக மாடிப்படியில் காத்திருந்த தெருப் பெண்கள் குலவையிட்டார்கள்.

மெயில்கள் கொட்டின. அவள் மகளின் பெயரை மட்டும் தேடிப் படித்தாள்.

"யும்மா, பெரியம்மா கிஸ்ரா ரொட்டியை மாட்டுத்தோல் மாதிரி சுடறா. அவகிட்ட சொல்லிடாதே."

"யும்மா, பரீட்சை இல்லைன்னுட்டாங்க. உன்கிட்ட வரட்டுமா?"

"யும்மா, வியாழக்கிழமை ஒரு லாரி கிளம்புது. கோஸ்தி வழி. அந்த ரோடு சரியில்லைங்கறாங்க சிலர், ஒண்ணும் ஆகாதுங்கறாங்க சிலர். நீ வராதேன்னு சொன்னா வரல. ஒரு வார்த்தை எழுது."

புதன்கிழமை தேதியிட்டது கடைசி: "நீ தனியா இருப்பே. நான் கிளம்பறேன்."

அது நான்கு மாதத்துக்கு முந்தைய புதன்கிழமை. அதன்பிறகு மகளிடமிருந்து ஒன்றுமில்லை. இருந்ததெல்லாம் பத்தூல் எழுதியவை, பதினோரு மெயில். எல்லாவற்றிலும் ஒரே கேள்வி: "புள்ள வந்து சேந்தாளா?"

"நல்ல சேதிதானே உஸ்தாதா?" என்றான் புஷ்ரா.

அவதியா அக்கா பத்தூலுக்குப் பதில் எழுதத் திறந்தாள். "வரலை" என்று அடித்தாள். அனுப்பும் பொத்தான்மேல் விரல் நின்றது. அனுப்பாதவரை அக்காவாவது நம்பிக்கொண்டிருப்பாள். ஆனால் அக்காவுக்கு வேறு ஏதாவது தெரிந்திருந்தால்? அனுப்பினாள்.

நாற்பது நிமிடத்தில் பதில் வந்தது. கோஸ்தியைத் தாண்டி, தந்தல்தி ஊருக்கு முன்னால் லாரியை மறித்து ஆட்களை இறக்கினார்களாம். ஆண்களைத் தனியாக, பெண்களைத் தனியாக. காலி லாரியோடு டிரைவர் மட்டும் திரும்பி வந்து சொன்னானாம். "உன்கிட்ட எப்படியோ வந்துட்டான்னு நெனச்சேன் அவதியா. அப்படித்தான் நான் தூங்கினேன்."

புஷ்ரா அவள் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டான். தலையில் கை வைத்தபடி தரையில் உட்கார்ந்தான். "இந்தத் தட்டை நாலு மாசம் முன்னாடி கொண்டாந்திருந்தா..."

"ஒரு வார்த்தைதானே கேட்டா," என்றாள் அவதியா. "ஒரே ஒரு வார்த்தை."

அன்றைக்கு அவள் தெரிந்த ஆஸ்பத்திரிக்கெல்லாம் எழுதினாள். பிறகு காணாமல்போனவர்களின் பட்டியல் வைத்திருப்பவர்களுக்கும் மகளின் பெயர், உயரம், இடது புருவத்துத் தழும்பு எல்லாம் எழுதினாள். மழைக்காலம் தொடங்கி முடிந்தது. இரண்டு இடத்திலிருந்து பதில் வந்தது: அந்தப் பெயரில் யாருமில்லை.

இப்போதும் தெருப் பெண்கள் மத்தியானத்தில் வருகிறார்கள். அவர்களுக்கு மெயில் திறந்து கொடுப்பது அவதியாதான். திரையில் எழுத்துகள் வரத் தொடங்கியதும் எழுந்து மாடியின் மறுகோடிக்குப் போய்விடுகிறாள். யார் என்ன படித்தார்கள் என்று அவள் கேட்பதில்லை.